தோட்டத்து வகுப்பறையில் விளம்பரங்களை வாசலிலேயே மறிப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 12 கணினிகளும் ஒரு 4ஜி ரவுட்டரும் இருக்கின்றன. டேட்டா மாதம் முடியுமுன்பே தீர்ந்துபோகிறது. பிள்ளைகள் பாடக்குறிப்புத் தேடினால் சூதாட்ட விளம்பரமும் பொய்யான டவுன்லோட் பொத்தான்களும் வந்து நிற்கின்றன. கணினி கணினியாக எதையும் ஏற்றாமல், ஓரிடத்திலேயே விளம்பர சர்வர்களை மறிக்க வழி உண்டா?"

உண்டு டீச்சர். முழுவதையும் மறிக்க முடியாது, ஆனால் பெரும்பங்கை மறிக்கலாம். காசு செலவில்லாமல் இன்று மாலையே செய்யக்கூடிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எங்கே கைவிடும் என்பதை அப்புறம் பார்ப்போம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். பிரவுசரில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் வரும். சரியான எண்ணும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். உள்ளே டிஎச்சிபி என்ற பகுதியில் முதல் டிஎன்எஸ், இரண்டாம் டிஎன்எஸ் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் அவற்றில் 94.140.14.15, 94.140.15.16 என்ற எண்களைப் போடுங்கள். ஆட்கார்டு என்ற நிறுவனம் இலவசமாகத் தரும் குடும்ப டிஎன்எஸ் இது. விளம்பர சர்வர்களோடு, நாம் எங்கே போகிறோம் என்று பின்னாலேயே வேவு பார்க்கும் சர்வர்களையும் ஆபாசத் தளங்களையும் மறிக்கும். கூகுள் தேடலையும் பாதுகாப்பான தேடலாக மாற்றிவிடும். விளம்பரத்தை மட்டும் நிறுத்தினால் போதும் என்றால் 94.140.14.14, 94.140.15.15. பிள்ளைகள் புழங்கும் இடம் என்பதால் நானாக இருந்தால் முதல் ஜோடியைத்தான் போடுவேன். சேமித்துவிட்டு ரவுட்டரையும் கணினிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எப்போது வேலை செய்யாது என்பதும் புரியும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாத கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். ஆபீஸில் இருக்கும் கிளாக்கர் பெயரைப் பார்த்துத்தான் இன்ன டிவிஷன், இன்ன லயம், இத்தனையாம் காம்பரா என்று சொல்வார். இணையத்திலும் கணினிக்குப் பெயர்தான் தெரியும், இலக்கம் தெரியாது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அந்தத் தளத்தின் பெயரோடு, அதில் விளம்பரம் போடும் கம்பனிகள், எண்ணிக்கை எடுக்கும் கம்பனிகள் என்று பத்து இருபது பெயர்களுக்கு இலக்கம் கேட்டு ஓடும். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும் ஆபீஸ் மேசைதான் டிஎன்எஸ். நாம் செய்தது, அந்த மேசையில் இருக்கும் ஆளை மாற்றியதுதான். புதிய ஆளின் கையில் நீளமான ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று போகாத இலக்கம் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார். விளம்பரம் இறங்கிய பின் மறைக்கப்படுவதில்லை, இறங்குவதே இல்லை. அதனால்தான் டேட்டாவும் மிச்சமாகிறது.

இந்த யோசனை புதியதல்ல. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்தில், எல்லாக் கணினிகளின் பெயரும் இலக்கமும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983ல் போல் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி விஞ்ஞானி டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஆனால் பழைய கோப்பின் வாரிசு இன்னமும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. அதன் பெயர் ஹோஸ்ட்ஸ். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று போனால் கிடைக்கும். கணினி வெளியே கேட்பதற்கு முன் இதைத்தான் புரட்டிப் பார்க்கும். விளம்பர சர்வரின் பெயருக்கு எதிரே 0.0.0.0 என்று அதில் எழுதிவைத்தால் தீர்ந்தது. ஒரு காலத்தில் நானும் பென்டிரைவில் பெரிய ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒன்றைக் கொண்டு திரிந்தவன்தான். இப்போது அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு தளத்தின் கிளைப்பெயர்கள் அத்தனையையும் ஒரே வரியில் அடக்க அதில் வழியில்லை, ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கோப்பு மிகப் பெரிதானால் விண்டோஸ் திணறும். மைக்ரோசொஃப்ட்டின் சில பெயர்களை அதில் மறித்தால், கோப்பை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று விண்டோஸோடு வரும் வைரஸ் காவலன் டிஃபென்டர் அலறும். எல்லாவற்றுக்கும் மேலாக, 12 கணினியிலும் 12 தடவை புதுப்பிக்க வேண்டும்.

சரி, ரவுட்டரில் எண்ணை மாற்றியாயிற்று. உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, என்எஸ்லுக்அப் என்ற கட்டளையோடு கூகுளின் விளம்பர சர்வரான டபுள்கிளிக் புள்ளி நெட் என்ற பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள். 0.0.0.0 என்று வந்தால் மறிப்பு வேலை செய்கிறது. வேறு எண் வந்தால் கேள்வி இன்னும் பழைய மேசைக்கே போகிறது என்று அர்த்தம். அதற்குப் பெரும்பாலும் ஐபிவி6 என்ற புதிய இலக்க முறைதான் காரணம். ரவுட்டர் பழைய முறையில் நீங்கள் கொடுத்த எண்ணையும், ஐபிவி6 வழியாகச் சேவை நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ்ஸையும் சேர்த்தே விநியோகிக்கும். கணினி இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். ரவுட்டரின் உள்வலைப் பகுதியில் ஐபிவி6ஐ அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். பிரவுசர்களிலும் ஒரு கள்ளவழி இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபொக்ஸ் அமைப்புகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்றொன்று உண்டு. 2018ல் தரப்படுத்தப்பட்ட முறை அது. கேள்வியை மறைகுறியாக்கி ரவுட்டரைத் தாண்டி வேறெங்கோ நேராகக் கேட்கும். நல்ல நோக்கத்தில் வந்ததுதான், ஆனால் நம் காவலுக்கு அது பின்கதவு. வகுப்பறைக் கணினிகளில் அணைத்து வையுங்கள்.

உங்கள் ரவுட்டரில் அந்த டிஎன்எஸ் கட்டங்களே இல்லாமலும் போகலாம். 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் அந்தப் பக்கம் பூட்டியிருக்கும். அப்படியானால் இரண்டு வழி. முதலாவது, ஒரு மாலை உட்கார்ந்து 12 கணினியின் நெட்வொர்க் அமைப்பிலும் அந்த எண்களைக் கையாலேயே போட்டுவிடுவது. கணினிக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரு மணி நேர வேலைதான். பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கைக் கொடுத்தால் மாற்றவும் மாட்டார்கள். ஓரிடத்தில் செய்யவேண்டும் என்று கேட்டீர்கள், தெரியும். ஆனாலும் 12 கணினிக்கு இது கேவலமான வழியல்ல. இரண்டாவது, யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும் பழைய சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதில் வெளி இணைப்புக்காக இருக்கும் வான் (WAN) துளையை 4ஜி ரவுட்டரோடு வயரால் இணைத்து, கணினிகள் எல்லாவற்றையும் பழையதிலேயே சேர்ப்பது. அதில் டிஎன்எஸ் கட்டங்கள் இருக்கும். 4ஜி ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அதில் ஏறிக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். இன்னொரு வசதியும் உண்டு: சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் 4ஜி ரவுட்டரை வைத்துவிட்டு, இதைக் கணினிகளுக்கு நடுவே வைக்கலாம். மூடுபனியிலும் மழையிலும் சிக்னலுக்காக ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றாத ஆள் நம் பக்கம் யார் இருக்கிறார்?

இனி, பலர் உங்களுக்குச் சொல்லப்போகும் பை-ஹோல் என்ற மறிப்பு மென்பொருள் பற்றி. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியிலோ, லினக்ஸ் ஏற்றிய பழைய மடிக்கணினியிலோ நிறுவலாம். அந்த ஆபீஸ் மேசை உங்கள் அறைக்குள்ளேயே வந்துவிடும். எந்தக் கணினி எந்தப் பெயரைக் கேட்டது, எது மறிக்கப்பட்டது என்று திரையில் வரிசையாகத் தெரியும். ஒரு பெயரைத் தொட்டு மறிக்கலாம், தொட்டு விடுவிக்கலாம். ஆட்கார்டு ஹோம் என்றும் இதேபோல ஒன்று இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை. எனக்கு மிகவும் பிடித்த மென்பொருட்களில் பை-ஹோலும் ஒன்று. அப்படியிருந்தும் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். காரணத்தைக் கேளுங்கள்.

ஹட்டனுக்கு அருகே ஒரு வகுப்பறையில் ஆசையாசையாக ஒன்றை நிறுவினேன். பழகிய முதல் மாதம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மே மாதம் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கியது. ஒரு பின்னேரம் காற்றில் மரமொன்று மின்கம்பியில் சாய்ந்து, மின்சாரம் வருவதும் போவதுமாக நாலைந்து தடவை நடந்தது. ராஸ்பெரி பையின் நினைவட்டை கெட்டுப்போயிற்று. அது ஒவ்வொரு கேள்வியையும் அட்டையில் எழுதிக்கொண்டேயிருக்கும், எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் அவ்வளவுதான். மறுநாள் மின்சாரமும் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. மேசையில் ஆளில்லை, ஆகவே யாருடைய காம்பரா இலக்கமும் தெரியாது. அவர்கள் இணையச் சேவைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து ஒரு காலை போனது. நான் போய்ப் பார்த்தபோதுதான் தவறு என்னுடையது என்று தெரிந்தது.

அதற்குப் பரிகாரமாக நான் செய்தது அதைவிட முட்டாள்தனம். பை விழுந்தாலும் இணையம் நிற்கக்கூடாது என்று ரவுட்டரின் இரண்டாம் டிஎன்எஸ் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8ஐப் போட்டேன். இரண்டாமவர் முதலாமவர் இல்லாதபோது மட்டும் பதில் சொல்வார் என்று நினைத்தேன். அப்படியில்லை. கணினிகள் தம் இஷ்டப்படி இருவரில் யாரிடமும் கேட்கும். விளம்பரங்கள் பாதி வந்தன, பாதி வரவில்லை. ஏன் என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு கட்டத்திலும் மறிப்பவர்தான் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும்தான் என்றால் மற்றக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

பிறகு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி ரவுட்டரையும் பையையும் அதில் மாட்டினோம். 2022ல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்டதே, அதன்பின் இந்த ரவுட்டர் யூபிஎஸ் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. பதிவு எழுதுவதையும் குறைத்துவிட்டேன். பிள்ளைகள் எதைத் தேடுகிறார்கள் என்று வரிவரியாக வைத்திருப்பது எனக்கு உறுத்தலாகவும் இருந்தது. வயதுக்கு வந்த பிள்ளை தன் உடம்பைப் பற்றி எதையோ தேடியிருக்கும், அது எனக்கெதற்கு? மறிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை மட்டும் போதும்.

மூன்றாவது சங்கடம் பட்டியலால் வந்தது. பட்டியல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்ற மயக்கம் எல்லோருக்கும் முதலில் வரும். பை-ஹோலோடு ஸ்டீவன் பிளாக் தொகுக்கும் பட்டியல் ஒன்று வரும், அது நிதானமானது. நான் அதோடு நிற்காமல் இணையத்தில் கிடைத்த கடுமையான பட்டியல்களையும் சேர்த்தேன். ஒரு பிள்ளை கற்கைநெறி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். மின்னஞ்சலில் வந்த உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தினால் வெறும் பக்கம். கடைசி நாள் வேறு. அந்த இணைப்பு, யார் அழுத்தினார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. என் கடுமையான பட்டியல் அதை மறித்துவிட்டது. கடைசியில் யாருடைய போனிலோ டேட்டா போட்டுத் திறந்தார்கள். அன்றைக்கே பட்டியல்களைக் களைந்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் கவனிக்க, வாரம் ஒருமுறையாவது வந்துபோகும் ஒரு ஆள் உங்களுக்குக் கிடைத்தால் பை-ஹோல் போடுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவனுக்குப் பழக்கினாலும் சரி. ஆள் இல்லையென்றால் ஆட்கார்டின் அந்த இரண்டு எண்களோடு நில்லுங்கள். அங்கே பட்டியலைக் கவனிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வழியால் நிற்காதவை எவை? முதலில் யூடியூப். யூடியூப் விளம்பரம் பாடக் காணொளி வரும் அதே சர்வர்களிலிருந்தே வருகிறது. பெயரை வைத்து மறிப்பவருக்கு அது இரண்டும் ஒரே வீட்டு ஆட்கள். விளம்பரத்தை நிறுத்தப் போனால் பாடமும் நிற்கும். ஃபேஸ்புக்கின் உள்ளே வரும் விளம்பரங்களும் இதே சாதி. அவற்றுக்குப் பிரவுசரிலேயே காவல் வேண்டும். ஃபயர்ஃபொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியைச் சேருங்கள். எதையும் ஏற்றாமல் என்று கேட்டீர்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தாருங்கள். குரோம் 2025ல் பழைய வகை நீட்சிகளை நிறுத்திவிட்டதால் அங்கே அதன் லைட் பதிப்புதான் ஓடும், அது ஒரு படி குறைவு. ஆகவே வகுப்பறைக்கு ஃபயர்ஃபொக்ஸே சரி. பொய் டவுன்லோட் பொத்தான்களுக்கும் இதுதான் நல்ல மருந்து, ஏனென்றால் விளம்பரம் வரவேண்டிய வெற்றுக் கட்டத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

யாராவது ஃபயர்வோலில் விளம்பர சர்வர்களின் ஐபி இலக்கங்களை மறிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இன்றைக்கு ஒரே இலக்கத்தின் பின்னால் ஆயிரம் தளங்கள் குடியிருக்கும். ஒன்றை அடித்தால் பக்கத்துக் காம்பராவும் விழும். எல்லாப் பக்கமும் நடுவில் ஒரு கணினி வழியாகவே வரும்படி ஸ்க்விட் போன்ற புரொக்ஸி வைத்து வடிகட்டுவது கடிதங்கள் திறந்த அட்டையாக வந்த காலத்துக்குச் சரி. இப்போது எல்லாம் ஒட்டிய உறை, அதாவது எச்டிடிபிஎஸ். உறையைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு கணினியிலும் நம் சொந்தச் சான்றிதழை ஏற்ற வேண்டும். அந்த வம்பு ஒரு மாலை வகுப்புக்குத் தேவையில்லை.

பிள்ளைகளின் போன்கள் வகுப்பறை வைஃபையில் இருக்கும்வரை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். லயத்துக்குத் திரும்பி சொந்த சிம்மில் ஓடும்போது? ஆண்ட்ராய்டு 9 முதல், நெட்வொர்க் அமைப்புகளில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே எண் செல்லாது, பெயர்தான் செல்லும். ஆட்கார்டு தளத்தில் குடும்ப டிஎன்எஸ்ஸுக்கான பெயரைப் பார்த்து அப்படியே எழுதினால் போதும். போனுக்கு டேட்டா ரீலோட் போட்டு ரீலோட் போட்டுச் சலித்த பெற்றோர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு. உங்கள் டேட்டாவை விளம்பரம்தான் தின்கிறது என்று உறுதியா? 12 கணினிகள் என்றால் விண்டோஸ் அப்டேட்டைத்தான் நான் முதலில் பிடிப்பேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரே அப்டேட்டை இறக்கினால் எந்த பெக்கேஜும் தாங்காது. நெட்வொர்க் அமைப்பில் இந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறியுங்கள், பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்காது. டெலிவரி ஒப்டிமைசேஷன் என்ற பகுதியில், ஒரே வலையிலுள்ள கணினிகள் அப்டேட்டைத் தமக்குள் பகிர அனுமதியுங்கள். இணையத்திலுள்ள கணினிகளோடு பகிர்வதை மட்டும் விட்டுவிடுங்கள். இரவு டேட்டா இருந்தால், வாரத்தில் ஒரு நாள் அளவீட்டுக் குறியை எடுத்துவிட்டு இரவில் கணினிகளை ஓடவிட்டு அப்டேட்டை முடித்துக்கொள்ளலாம். யூடியூப் தரத்தை 480க்கு இறக்கிவைப்பதும் விளம்பரத்தை மறிப்பதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடும்.

இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம். தினமும் படிக்கும் தமிழ்ச் செய்தித்தளங்களுக்கு யூபிளொக்கில் விலக்குக் கொடுக்கலாம். மலையகச் செய்தி எழுதும் தளங்கள் சிலதே, அவர்களுக்கும் வருமானம் விளம்பரம்தான். டிஎன்எஸ்ஸிலும் மறித்திருப்பதால் விலக்குக் கொடுத்தாலும் அவர்களே நேரடியாகப் போடும் உள்ளூர் விளம்பரங்கள்தான் தெரியும். தலவாக்கலைப் புடவைக்கடை விளம்பரம் பிள்ளைகளைக் கெடுத்துவிடாது.

எதையும் மாற்றுவதற்கு முன் ரவுட்டரின் பழைய அமைப்புப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய டிஎன்எஸ் எண்களையும், புதியவற்றையும், மாற்றிய திகதியையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் ஏதாவது திறக்கவில்லை என்றால் வகுப்பை எடுப்பவர் அதைப் பார்த்துப் பழைய எண்ணைப் போட்டுக்கொள்வார். என்எஸ்லுக்அப்பில் 0.0.0.0 வராவிட்டால் ரவுட்டரின் மொடல் இலக்கத்தோடு எழுதுங்கள், கட்டங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.